வீட்டுக்குப் பின்னால் ஒரு தேனீப் பெட்டி: வாசகர் கேள்விகள்

தேனீ வளர்ப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் முக்கால்வாசி ஏதோ ஒரு விதத்தில் பணத்தைப் பற்றியவைதான், அதில் தப்பே இல்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. ஒரு தேனீப் பெட்டி வைக்கலாம் என்று ஆசை. மொத்தம் என்ன செலவாகும் என்று ஒரு கணக்குச் சொல்லுங்களேன்.

ஒரே தொகையாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கு வசதிதான், ஆனால் அந்தத் தொகை உங்கள் ஊரில் பொய்யாகிவிடும். இடத்துக்கு இடம், தேனீயின் வகைக்கு வகை விலை மாறும். செலவு எங்கெங்கே போகும் என்பது மட்டும் எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைச் சொல்கிறேன், பக்கத்தில் விலையை நீங்களே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் தேனீயின் வீடு. அடிப்பலகை, ராணி முட்டையிடும் புழு அறை, அதற்கு மேல் தேன் அறை, இரண்டிலும் தொங்கும், தேனீ அடை கட்டுவதற்கான மரச் சட்டங்கள், உள்மூடி, மழை இறங்காத மேல்மூடி, எல்லாவற்றையும் தூக்கி நிறுத்த ஒரு தாங்கி. பெட்டி விலையைக் கேட்கும்போது சட்டங்களும் சேர்த்தா, சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தாளும் சேர்த்தா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பத்துச் சட்டம் கொள்ளும் பெட்டியில் சட்டமும் தாளும் தனி என்றால் உங்கள் கணக்கு வீடு திரும்புவதற்குள்ளேயே உடைந்துவிடும். இன்னொன்று, கூட்டம் நன்றாகப் பெருகினால் மேலே அடுக்க இன்னொரு அறை வேண்டும், பிரிந்துபோகப் பார்த்தால் வேறொரு பெட்டியே வேண்டும். ஆகவே 'ஒரு பெட்டி' என்று நினைத்து இறங்குகிறவர் ஒன்றரைப் பெட்டிக்கு மேல் பணம் எடுத்துவைப்பது நல்லது.

அடுத்தது உங்களுக்கான சாமான்: முகவலை, கையுறை, புகைப்பான், சட்டங்களைப் பிரித்தெடுக்கும் உளி, தேனீயை மெல்ல ஒதுக்க ஒரு மென்மையான தூரிகை. இவை ஒருமுறைச் செலவு, ஒரு பெட்டி வைத்தாலும் ஐந்து வைத்தாலும் இதே சாமான்தான். முகவலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கண்ணிலோ வாய்க்குள்ளோ கொட்டு வாங்குவது விளையாட்டுக் காரியம் இல்லை. முழு உடுப்பு அவ்வளவு அவசரம் இல்லை. தொளதொள என்று வெளிர் நிறத்தில் தடித்த முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, இவையே தொடக்கத்துக்குப் போதும்.

மூன்றாவது தேனீக் குடும்பம். எல்லோரும் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இங்கேதான், பிடிக்கக் கூடாததும் இங்கேதான். அதற்குக் கீழே தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

நான்காவதை யாரும் பட்டியலில் எழுதுவதே இல்லை. வருடா வருடம் வரும் செலவு அது: பூ இல்லாத காலத்துக்குச் சர்க்கரை, புது மெழுகுத் தாள், தேனீமேல் ஒட்டி வாழும் உண்ணிக்கு மருந்து, சில சமயம் புது ராணி, அப்புறம் செத்துப்போன அல்லது ஓடிப்போன குடும்பத்துக்குப் பதிலாக இன்னொரு குடும்பம். புதிதாக வளர்ப்பவர்களிடம் முதல் வருடத்தில் கூட்டம் அழிவது ரொம்பவும் சகஜம். ஆகவே சாமான் செலவை எழுதி முடித்த பிறகு, இன்னொரு தேனீக் குடும்பத்தின் விலையைக் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள். தேவைப்படாமல் போனால் சந்தோஷம். அந்த வரியைச் சேர்த்த பிறகும் கையைக் கடிக்கவில்லை என்றால் தைரியமாக இறங்கலாம்.

முதல் வருடம் வாங்கவே வேண்டாத சாமான்கள் என்று கேட்டால், தேன் பிரிக்கும் எந்திரம், மகரந்தப் பொறி, தேன் பாட்டில், லேபிள். எந்திரம்தான் சாமான்களிலேயே பெரும்பாலும் விலை கூடியது, அதற்கு வேலையோ வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான். 'தொடக்கத் தொகுப்பு' என்று ஒட்டுமொத்தமாகக் கட்டி விற்பதையும் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். அதில் நல்ல முகவலை இருக்காது, ஆனால் உங்களுக்குத் தேவைப்படாத நாலு பொருள் இருக்கும்.

கேள்வி: ஒரு குடும்பம் போதுமா, இரண்டு வேண்டுமா? இரண்டு வாங்கச் சொல்வது விற்பவர்களின் தந்திரம் என்கிறார் என் கணவர்.

உங்கள் கணவரின் சந்தேகம் நியாயமானது, ஆனாலும் இந்த விஷயத்தில் விற்பவர் சொல்வது சரி. ஒரே ஒரு குடும்பம் வைத்திருந்தால் அது நன்றாக இருக்கிறதா மெலிகிறதா என்று ஒப்பிட உங்களுக்கு எதுவுமே இல்லை. இரண்டு இருந்தால், ஒன்றில் வாயிலில் மகரந்தத்தோடு வரிசையாக வந்து இறங்குகிறது, மற்றொன்றில் நாலைந்து தேனீ மட்டும் சோம்பலாக நிற்கிறது என்றால் மூடியைத் திறக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய காரணம் ராணி. ராணி செத்துப்போய், கூட்டில் முட்டையும் இளம்புழுவும் இல்லாமல் போனால் அந்தக் குடும்பம் தானாகப் புது ராணியை உருவாக்க முடியாது. ஏனென்றால் முட்டை பொரிந்து மூன்று நாளுக்குள் இருக்கும் இளம்புழுவுக்கு அரசக்கூழ் என்ற உணவை ஊட்டித்தான் ராணியாக வளர்க்கின்றன. பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தால் அதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து இதில் வைத்துவிடலாம். செலவே கிடையாது. முட்டையிட்ட நாளிலிருந்து 16 நாளில் ராணி வெளியே வந்துவிடும், அப்புறம் பறந்து போய் ஆண் தேனீக்களோடு கலந்து திரும்பி முட்டையிடத் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒற்றைப் பெட்டிக்காரர் அந்த நேரத்தில் ராணி விற்பவரைத் தேடி அலைவார், கிடைப்பதற்குள் கூட்டம் கரைந்துவிடும். வேலைக்காரத் தேனீ மும்முரமான காலத்தில் ஆறு வாரம் வாழ்ந்தாலே பெரிது.

ஆகவே இரண்டு. மூன்று வேண்டாம், முதல் வருடம் அது சுமை.

கேள்வி: காசு கொடுத்து வாங்காமல், மரத்தில் வந்து தொங்கும் கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் விட்டால் என்ன? இலவசம்தானே?

பிடிக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் எந்தக் கூட்டம் என்று முதலில் பார்க்க வேண்டும். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி வாழ்கிறவை. அவற்றை எந்தப் பெட்டியிலும் குடிவைக்க முடியாது, மலைத்தேனீயிடம் போய் வம்பு வைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பெட்டிக்குப் பழகுவது பொந்துக்குள் இணையாகப் பல அடை கட்டுகிறவை: ஆசியாவின் அடுக்குத்தேனீ, இத்தாலியத் தேனீ என்று நாம் சொல்லும் மேற்கத்தியத் தேனீ. கொடுக்கில்லாத கொசுத்தேனீ வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கூட்டிலிருந்து பிரிந்து, புது வீடு தேடி ஒரு கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டம் பொதுவாகச் சாந்தமாகவே இருக்கும். வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கும், காக்க வேண்டிய புழுவோ தேனோ அங்கே கிடையாது. எட்டும் உயரத்தில் இருந்தால் கீழே பெட்டியை வைத்து ஒரே உலுக்கு. அதே கூட்டம் சுவரிடுக்கில் புகுந்து அடை கட்டிவிட்டது என்றால் நிலைமை தலைகீழ். அங்கே வீடும் பிள்ளைகளும் இருப்பதால் கடுமையாக எதிர்க்கும், அடையை அறுத்துச் சட்டத்தில் கட்டும் வேலையைப் பழகிய ஆள் இல்லாமல் தொடவே கூடாது.

இலவசக் கூட்டத்தில் இரண்டு சிக்கல். முதலில் கிளம்பி வரும் கூட்டத்தில் பழைய ராணிதான் இருக்கும். அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. நோயும் உண்ணியும் சேர்ந்தே வந்திருக்கலாம். அதனால் என் யோசனை: முதல் குடும்பத்தை நம்பிக்கையான வளர்ப்பவரிடம் வாங்குங்கள், இரண்டாவதாக ஒரு காலிப் பெட்டியைத் தயாராக வைத்து வருகிற கூட்டத்துக்குக் காத்திருங்கள். நோயில்லாத கூட்டின் பழைய அடைத் துண்டு ஒன்றை உள்ளே வைத்தால் அந்த வாசனைக்கே வரும்.

வாங்கும்போது நாலைந்து சட்டம் கொண்ட சிறு குடும்பமாகக் கேளுங்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ராணி கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை. அடையில் உள்ள சிறு அறைகளில், அறைக்கு ஒன்றாக, அடியில் நிமிர்ந்து நிற்கும் முட்டை இருந்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். அடையில் புழுவை வைத்து மூடிய சிறு அறைகள் இடைவெளி விடாமல் ஒரு பரப்பாக இருக்க வேண்டும். அங்கங்கே ஓட்டை, உள்வாங்கிய மூடி, கெட்ட நாற்றம், இதில் ஏதாவது இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பூக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வாங்குவது உத்தமம். பூ முடிகிற நேரத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர், அடுத்த பூ வரும்வரை சர்க்கரைக்குச் செலவழித்துக்கொண்டே இருப்பார்.

கேள்வி: எங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து பூச்செடிதான் இருக்கிறது. தேனீக்கு அது போதுமா?

போதாது, ஆனால் கவலைப்பட வேண்டாம். உங்கள் செடிகளை நம்பி அவை வாழப் போவதில்லை. மேற்கத்தியத் தேனீ சாதாரணமாக 3 கிலோமீட்டர் வரை போய் வரும். பெட்டியை நடுவில் வைத்து அந்த தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் சுமார் 28 சதுர கிலோமீட்டர். அடுக்குத்தேனீ அவ்வளவு தூரம் போவதில்லை. ஆகவே வேலிக்கு வெளியே என்ன மரம் இருக்கிறது, எந்த மாதத்தில் பூக்கிறது என்று பாருங்கள். மேய்ச்சல் பரப்பில் பூச்சிமருந்து அடிக்கும் வயல் இருந்தால், பூத்திருக்கும் நேரத்தில் அடிக்க வேண்டாம், முடியாவிட்டால் தேனீ கூடு திரும்பிய பிறகு மாலையில் அடியுங்கள் என்று அவர்களிடம் பேசிவைப்பது நல்லது. தண்ணீர் மட்டும் நீங்களே வையுங்கள்: அகலமான தட்டில் கூழாங்கல் போட்டு, உட்கார்ந்து குடிக்க வசதியாக. வைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் குழாயடிக்குப் போகும், அப்புறம் சண்டை வரும்.

கேள்வி: சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு. கொட்டாதா? பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே முறைக்கிறார்.

கொட்டும். கொட்டவே கொட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வீட்டிலிருந்து தள்ளி, யாரும் அதன் வாயிலுக்குக் குறுக்கே நடக்காதபடி வைத்தால் பெரும்பாலும் அவை பாட்டுக்கு அவை இருக்கும். வாயிலுக்கு எதிரே ஓரிரு மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு செடி வேலியோ தட்டியோ இருந்தால், தேனீ கிளம்பும்போதே மேலெழும்பித் தலைக்கு மேலாகப் பறந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிரச்சினையில் பாதி இந்தத் தட்டியிலேயே தீர்ந்துவிடும், மீதிப் பாதி முதல் தேனில் தீரும். ஆனால் பெட்டி வந்து இறங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பகுதியில் குடியிருப்புக்கு நடுவே தேனீ வளர்க்க விதிமுறையோ பதிவோ உண்டா என்றும் விசாரித்துவிடுங்கள்.

கொட்டினால் கொடுக்கு தோலில் சிக்கிக்கொண்டு நிற்கும், அதோடு ஒட்டிய விஷப்பை பிய்ந்து வந்த பிறகும் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டுவதா கிள்ளி எடுப்பதா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் சட்டென்று எடுத்துவிட வேண்டும், வேகம்தான் முக்கியம். அந்த இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும், பழுத்த வாழைப்பழ வாடை போல. அது மற்ற தேனீக்களுக்கு அபாய அறிவிப்பு. ஆகவே ஒன்று கொட்டியதும் நிதானமாக விலகிப் போய்விடுங்கள், கையை வீசி ஆடாதீர்கள். புகைப்பான் வேலை செய்வதும் இந்த இடத்தில்தான்: புகை அந்த வாசனையை மறைக்கிறது, கூடவே தேனீக்கள் தேனைக் குடிக்கப் போய்விடுகின்றன.

கொட்டிய இடம் வீங்குவது, அரிப்பது எல்லாம் வழக்கம்தான், சில நேரம் கை முழுக்கக்கூட வீங்கும். ஆனால் உடம்பெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சு இறுக்கம், தலைச்சுற்றல் என்று ஏதாவது வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பே அப்படி வந்திருந்தால், மருத்துவரைப் பார்த்துப் பேசாமல் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. இதில் மட்டும் சமரசம் கிடையாது.

கேள்வி: எனக்குத் தச்சு வேலை தெரியும். பெட்டியை நானே செய்தால் நிறைய மிச்சமாகுமா? ஒருவர் பழைய பெட்டிகளைச் சும்மாவே தருகிறேன் என்கிறார்.

செய்யலாம், நன்றாகவே மிச்சமாகும். ஆனால் அளவில் கை வைக்காதீர்கள். அமெரிக்காவில் பாதிரியாராக இருந்த லாங்ஸ்ட்ராத் 1852இல் காப்புரிமை வாங்கிய பெட்டிதான் இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. அதன் ரகசியம் மரத்தில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. சட்டத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை விட்டால் தேனீ அதை நடைபாதையாக வைத்துக்கொள்ளும். அதற்குக் குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும், கூடினால் குறுக்கே அடை கட்டிவிடும். இரண்டில் எது நடந்தாலும் சட்டத்தை அசைக்க முடியாது, அசையும் சட்டம் இல்லையென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது. அடுக்குத்தேனீ உருவில் சிறியது, அதற்குப் பெட்டியும் இடைவெளியும் சின்னதாக இருக்க வேண்டும். ஆகவே எந்தத் தேனீ என்று முடிவான பிறகு மரத்தை அறுங்கள். ஒரு நல்ல பெட்டியை வாங்கி, அதை வைத்து அளந்து மீதியைச் செய்வது உங்களைப் போன்ற கைவேலைக்காரருக்குச் சரியான வழி. சாயம் வெளிப்புறம் மட்டும் அடியுங்கள்.

பழைய பெட்டி சும்மா வருகிறது என்பதில்தான் எனக்குப் பயம். அமெரிக்கப் புழு அழுகல் என்று ஒரு நோய், அதன் நுண்வித்துகள் மரத்திலும் அடையிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்தப் பெட்டியில் இருந்த தேனீ ஏன் செத்தது என்று கொடுப்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். தெரிந்த நல்ல ஆளிடமிருந்து வந்தாலும், அடைகளையும் சட்டங்களையும் ஒதுக்கிவிட்டு, காலிப் பெட்டியை நன்றாகச் சுரண்டி, உட்புறத்தைத் தீச்சுடரால் லேசாகக் கருகும்வரை வாட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: முதல் வருடம் எத்தனை கிலோ தேன் எடுக்கலாம்? விற்றுப் போட்ட பணத்தை எடுத்துவிட முடியுமா?

முதல் வருடத்துக்குத் தேன் பூஜ்யம் என்றே கணக்கு எழுதுங்கள். சிறு குடும்பமாக வந்தது அடை கட்ட வேண்டும், பெருக வேண்டும், பூ இல்லாத காலத்துக்குச் சேமிக்க வேண்டும். மெழுகு சும்மா வருவதில்லை, ஒரு கிலோ மெழுகு சுரக்கப் பல கிலோ தேனைத் தின்றாக வேண்டும். அதனால்தான் கட்டி முடித்த அடை வளர்ப்பவருக்குச் சொத்து, அதனால்தான் அடையை உடைக்காமல் சுழற்றித் தேனை எடுக்கும் எந்திரத்துக்கும் மதிப்பு. அப்படியானால் முதலிலேயே ஏன் வாங்க வேண்டாம் என்றேன் என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு சட்டத் தேனுக்கு அது தேவையே இல்லை, அடையை நசுக்கி வடிகட்டினால் போதும். அளவு கூடிய பிறகு நாலைந்து வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எடுக்கும்போது தேன் அறையில் இருப்பதை மட்டும் எடுங்கள், புழு அறையைத் தொடாதீர்கள். அடையின் சிறு அறைகளில் பெரும்பகுதி மெழுகு மூடி போட்டிருக்க வேண்டும். மூடாத தேனில் ஈரம் அதிகம், 20 சதவீதத்துக்கு மேல் போனால் புளித்துவிடும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், சொந்தக் கூட்டுத் தேனாக இருந்தாலும்தான். அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் அந்த வயதில் கடுமையான நோயை உண்டாக்கலாம்.

போட்ட பணம் திரும்புமா என்றால், இரண்டு குடும்பமும் பிழைத்து, பூவும் நன்றாக அமைந்தால் சில வருடங்களில் திரும்பலாம். அதை நம்பிக் கடன் வாங்கித் தொடங்காதீர்கள். தேன் விற்பதைவிட, கூட்டத்தைப் பிரித்துப் புதுக் குடும்பம் உண்டாக்கக் கற்றுக்கொண்டால் அடுத்த வருடம் தேனீ வாங்கும் செலவு மிச்சம், அதுதான் என் கணக்கில் முதல் வருமானம்.

கேள்வி: சர்க்கரைப் பாகு வைத்து வளர்த்தால் அது தேனே இல்லை என்கிறார்களே?

தேன் அறை மேலே இருக்கும்போது பாகு வைத்தால் அவர்கள் சொல்வது சரி, சர்க்கரை தேனோடு கலந்துவிடும். அறையை எடுத்த பிறகு, பூ இல்லாத நாளில், பசியால் சாகாமல் காப்பாற்ற வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. புதுக் குடும்பத்துக்கு அடை கட்டத் தெம்பு கொடுக்க வைப்பதும் வழக்கம்தான். வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கலந்து, ஆறவைத்து, பெட்டிக்குள்ளே மாலையில் வையுங்கள். வெளியே வைத்தால் அக்கம்பக்கத்துத் தேனீ எல்லாம் கொள்ளையடிக்க வந்துவிடும். பழுப்புச் சர்க்கரை தேனீக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கடைத் தேனையும் வைக்காதீர்கள், முன்பு சொன்ன புழு அழுகல் நோய் அதன் வழியாகவும் வரும்.

கேள்வி: வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? நான் வேலைக்குப் போகிறவள், மாதத்தில் சில நாள் வெளியூரும் போக வேண்டும்.

பெருகும் காலத்தில் ஏழு முதல் ஒன்பது நாளுக்கு ஒருமுறை திறந்து பார்த்தாக வேண்டும். கூட்டம் பிரிய முடிவெடுத்தால் முதலில் புது ராணி வளர்வதற்கான அறைகளைக் கட்டும், முட்டையிட்டு எட்டு ஒன்பது நாளில் அந்த அறை மூடப்படும், மூடியதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். நீங்கள் இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் பாதிப் பெட்டி காலி. அந்தக் காலத்தில் பெட்டிக்கு அரை மணி நேரம் ஆகும், தொடக்கத்தில் கை தடுமாறும் என்பதால் இன்னும் கூடும். மற்ற மாதங்களில் வாயிலில் நின்று பார்த்தாலே பாதி விஷயம் தெரியும், அடிக்கடி திறப்பதும் நல்லதில்லை. புழு அறையைச் சுமார் 35 டிகிரியில் வைத்திருக்க அவை படாதபாடு படுகின்றன, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த வேலையைக் கெடுக்கிறோம். சில நாள் வெளியூர் போவதில் பிரச்சினை இல்லை. பெருகும் காலத்தில் மூன்று வாரம் காணாமல் போவதுதான் சிக்கல்.

கேள்வி: உண்ணி மருந்துக்கு நிறையச் செலவாகும் என்று பயமுறுத்துகிறார்கள். இயற்கையாக விட்டுவிட்டால் என்ன?

எந்தத் தேனீ என்பதைப் பொறுத்தது. வரோவா உண்ணி முதலில் ஆசிய அடுக்குத்தேனீயோடு காலங்காலமாக ஒட்டி வாழ்ந்தது, அந்தத் தேனீக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். இருபதாம் நூற்றாண்டில்தான் மேற்கத்தியத் தேனீக்குத் தாவியது, அதற்கு இன்னும் பழகவில்லை. ஆகவே மேற்கத்தியத் தேனீயை 'இயற்கையாக' விட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் அந்தக் குடும்பம் போய்விடும், போகும் வழியில் பக்கத்துப் பெட்டிகளுக்கும் உண்ணியைக் கொடுத்துவிட்டுப் போகும். அதை இயற்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மருந்துக்கு முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும், எண்ணுவதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை. புழு உள்ள சட்டத்திலிருந்து, ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுமார் 300 தேனீயை ஒரு ஜாடியில் எடுத்து, வலை மூடி போட்டு, பொடித்த சர்க்கரை தூவி உருட்டுங்கள். பிறகு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் குலுக்கினால் உண்ணி சர்க்கரையோடு விழும், தேனீ வெள்ளைவெளேர் என்று கோபத்தோடு கூட்டுக்குத் திரும்பும். நூறு தேனீக்கு மூன்று உண்ணி என்ற அளவை எட்டினால் பொதுவாக மருந்து வைக்கச் சொல்வார்கள். தைமால், ஃபார்மிக் அமிலம், ஆக்ஸாலிக் அமிலம் எல்லாம் வழக்கத்தில் இருப்பவை. உங்கள் இடத்தில் எது அனுமதிக்கப்பட்டது என்று கேட்டு, பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவையும் வெப்பநிலையையும் அப்படியே பின்பற்றுங்கள்.

கேள்வி: போன வாரம் திறந்தால் பெட்டி முழுக்கக் காலி. செத்த தேனீகூட இல்லை. என்ன நடந்தது?

ஓடிப்போய்விட்டன. அடுக்குத்தேனீ இதில் பேர் போனது. பசி, எறும்பு, மெழுகுப் பூச்சி, சுட்டெரிக்கும் வெயில், அடிக்கடி திறந்து நோண்டுவது, இதில் ஏதாவது ஒன்று போதும். அடைகளில் வெள்ளை நூலாம்படையும் புழுவும் இருந்தால் மெழுகுப் பூச்சி வந்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே மெலிந்த கூட்டில்தான் புகும். ஆகவே மெலிந்ததற்கு என்ன காரணம் என்று பாருங்கள். தேனே இல்லாமல் வறண்டிருந்தால் பசி. தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்திருந்தீர்களா, புல் வளர்ந்து பெட்டியைத் தொட்டுப் பாலம் போட்டிருந்ததா என்றும் பாருங்கள், எறும்புக்கு அது போதும். நோய் அறிகுறி எதுவும் இல்லாத அடைகளைப் பூச்சி அரிப்பதற்குள் எடுத்து, இடம் இருந்தால் ஓரிரு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் அடுத்த கூட்டத்துக்கு உதவும்.

கேள்வி: இவ்வளவு செலவும் சிரமமும் எனக்கு முடியாது. ஆனால் தேனீக்கு ஏதாவது செய்ய ஆசை.

அப்படியென்றால் பெட்டியே வேண்டாம். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீ உலகத்தில் இருக்கும் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் ஒன்றிரண்டுதான், அதற்குக் கவனிக்க ஆள் இருக்கிறது. மீதியில் பெரும்பாலானவை தனித்தனியாக, மண்ணுக்குள்ளோ காய்ந்த தண்டுக்குள்ளோ கூடு வைத்து வாழ்கின்றன. அவற்றுக்கு வேண்டியது வருடம் முழுக்க மாறி மாறிப் பூக்கும் செடி, சிமெண்ட் போடாத கொஞ்சம் வெறும் மண், பூச்சிமருந்து இல்லாத தோட்டம். விதைக்குச் செலவழிப்பதோடு சரி.

வெப்பமான பகுதியில் இருந்து, கூடு வைத்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் கொசுத்தேனீயை விசாரியுங்கள். கொட்டாது, சின்னப் பெட்டி போதும், வரோவா உண்ணித் தொல்லையும் இல்லை. தேன் மட்டும் மிகக் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், லேசாகப் புளிக்கும்.